பதினாலுல வெச்சும் எழும்பாத பலகை

...ஆடாதீங்க டாக்டர், பேண்ட்டுல செருகின ஊசி குத்திடும். பல்லு டாக்டருக்கே ஊசின்னா பயமா! ஆங், எங்க விட்டேன்? அந்தப் போர்டுக்காரன்! அவன மட்டும் என் கையில குடுங்க, கழுத்தளவு எடுக்கற மாதிரி டேப்ப போட்டு ஒரே இறுக்கு. "எந்தக் கம்பெனி ஃபாயிலும் பொருந்தும்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். எந்தக் கம்பெனியும்! பொருந்துச்சா? பொருந்துச்சு. எழும்புச்சா? அதான் இல்ல!

என்னது, ஃபாயில்னா என்னவா? அட, நீங்க ஏரிப் பக்கமே போனதில்லையா? சரி சரி, ஊருக்குப் புதுசு. அந்த சுவத்துல சாஞ்சிருக்கு பாருங்க மஞ்சப் பலகை, அதான் போர்டு. கதவுகிட்ட உறை போட்டு நிக்குதே, அதான் ஃபாயில். நீளமா ஒரு கம்பு, அதோட அடியில ரெண்டு றெக்கை, முன்னால பெருசு, பின்னால சிறுசு. கம்ப போர்டோட வயித்துல வெச்சு போல்ட்டு போட்டு முறுக்கணும். நாம போர்டு மேல நிக்கணும். கையில காத்தடைச்ச றெக்கை இன்னொண்ணு, குடைய பக்கவாட்டுல புடிச்ச மாதிரி. காத்து இழுக்கும், வேகம் ஏறும், தண்ணிக்கடியில இருக்கற றெக்கை அப்படியே தூக்கும். போர்டு தண்ணிய விட்டு முழங்கால் உயரம் எழும்பிடும் டாக்டர்! சலசலப்பெல்லாம் நின்னு போயிடும். அந்த நேரத்துல வந்து எனக்கு ஐம்பத்தோரு வயசுன்னு யாராவது சொன்னா அடிக்கப் போயிடுவேன்.

கால கொஞ்சம் அகட்டுங்க. போதும், போதும், பாலமா கட்டப் போறோம்!

நானும் வீட்டுக்காரியும் சேர்ந்து தான் கத்துக்கிட்டோம். இருபத்திரண்டு வருஷமா இந்தக் கடையில அவ துணி வெட்டுவா, நான் அளவெடுத்துத் தைப்பேன். நாள் பூரா ஆளுக்கு ஒரு சுவரப் பாத்துக்கிட்டு முதுகோட முதுகா வேலை. நாங்க முகத்துக்கு முகம் பாத்துப் பேசினதே ஏரியில தான்னு வெச்சுக்கங்களேன். பக்கத்துல பக்கத்துல பறப்போம். "பாத்து, பாத்து"ன்னு அவ கத்துவா. "நீ பாத்துப் போ"ன்னு நான் கத்துவேன். அவ்ளோ தான் பேச்சு. அதுவே எனக்கு ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

அப்போ என் போர்டும் ஃபாயிலும் ஒரே கம்பெனி. ஒரு வயித்துப் பிள்ளைங்களாட்டம் ஒத்துமையா இருந்துச்சுங்க. சும்மா இருந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! சின்னப் போர்டா இருந்தா சட்டுசட்டுன்னு திரும்பலாமேன்னு வேற கம்பெனி போர்டு ஒண்ண வாங்கிட்டேன். இந்த மஞ்சக் கழுதைய. பழசு வீட்டுக்காரிக்குப் போயிடுச்சு. ஃபாயில் மட்டும் அதே பழைய ஃபாயில்.

மொதல்ல போல்ட்டுல தகராறு. போர்டு வயித்துல ரெண்டு காடி ஓடும், தண்டவாளமாட்டம். ரெண்டுக்கும் நடுவுல தொண்ணூறு மில்லிமீட்டர், அந்த ஒரு விஷயத்துல தான் முக்காவாசி கம்பெனிக்காரனுங்க ஒத்துப்போறானுங்க. ஆனா என் ஃபாயிலோட போல்ட்டு ஆறு மில்லி, இவன் காடிக்குள்ள குடுத்திருக்கற நட்டு எட்டு மில்லி. கோட்டுப் பட்டன் ஓட்டையில சட்டைப் பட்டன போட்ட மாதிரி தொளதொளன்னு! போர்டுக்காரனுக்கு ஃபோன் போட்டா "ஃபாயில்காரன கேளுங்க"ங்கறான். ஃபாயில்காரன கேட்டா "போர்டு எங்களோடது இல்லையே"ங்கறான். சம்பந்திங்க ரெண்டு பேரும் மொறச்சுக்கிட்டா நடுவுல மாட்டறது யாரு? மாப்பிள்ளை! நாலே நாலு நட்டுக்காக மூணு கடை ஏறி எறங்கினேன்.

என்ன சொல்ல வந்தீங்க? ...இருங்க, நான் முடிச்சுடறேன். உங்க நாற்காலியில நாங்க வாயத் தெறந்துக்கிட்டு கெடப்போம், நீங்க பாட்டுக்கு பேசுவீங்க இல்ல? இங்க என் முறை. இடது காலக் குடுங்க.

ஆங், மாட்டியாச்சு. ஆனா எந்த எடத்துல மாட்டறோம்ங்கறதுல தான் சூட்சுமமே. காடியில கம்ப முன்னாடி தள்ளினா போர்டு மூக்க தூக்கும், பின்னாடி தள்ளினா மூக்கு தண்ணிய முட்டும். அதுக்குத் தான் காடி ஓரமா ஒண்ணு, ரெண்டுன்னு இருபது வரைக்கும் நம்பர் போட்டிருப்பான். பழைய போர்டுல எனக்கு பதினாலு. கண்ண மூடிக்கிட்டு பதினாலுல வெப்பேன், பறப்பேன். புதுசுலயும் பதினாலுல வெச்சேன். எழும்பல! ஏரிய மூக்கால உழுதுக்கிட்டே போறேன். திரும்ப கடைக்கு வந்து, வெட்டற மேசையில கவுத்துப் போட்டு, இன்னும் முன்னாடி போகணும் போலன்னு பதினாறு. முன்னைக்கு இப்போ மோசம். பதினெட்டு. அதவிட மோசம். நேத்து இருபது! அதுக்கு மேல நம்பரே இல்ல டாக்டர். பத்தடி போனேன், குப்புற அடிச்சேன். கரையில தூண்டில் போட்டுக்கிட்டிருந்த மனுஷன் எழுந்து நின்னு பாத்தாரு. மீன் தப்பிச்சா கூட அப்படிப் பாத்திருக்க மாட்டாரு.

வீட்டுக்காரி ஆரம்பத்துல ஒரு சுத்து திரும்பி வந்து "என்னாச்சு?"ன்னு கேப்பா. இப்பல்லாம் கேக்கறதில்ல. நேரா அக்கரைக்குப் போயிடறா. அவள சொல்லிக் குத்தமில்ல, எனக்காக காத்து நிக்குமா? ஆனா கரையில ஈரத்தோட உக்காந்து, அவ தூரத்துல புள்ளியாப் போறதப் பாக்கறப்போ... உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, அழுகையே வந்துடுச்சு. ஆறு வாரமாச்சு டாக்டர், நாங்க "பாத்து, பாத்து" சொல்லி.

அவ தம்பி ஒருத்தன் இருக்கான், என் மச்சினன். "மாமா, பேசாம கரையில உக்காந்து எங்க செருப்பப் பாத்துக்கங்க"ங்கறான். இன்னிக்கு நாலு மணிக்கு வந்து ஃபாயில எடுத்துக்கிட்டுப் போறான். குடுத்துடறேன்னு நானே சொல்லிட்டேன். போர்ட மூட்டை கட்டி கம்பெனிக்கே திருப்பி அனுப்பப் போறேன், கூடவே நாலு பக்கத்துக்கு ஒரு லெட்டர். அதோட முடிஞ்சுது என் பறவை வாழ்க்கை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னு வீட்டுக்காரி நேத்து கத்திரிய கீழ வெக்காமயே சொன்னா. சுருக்குன்னுச்சு. அளவெடுக்கறவன்கிட்ட சொல்ற பேச்சா அது? இந்தத் தெருவுல இடுப்புன்னு ஒண்ணு இருக்கறவங்க எல்லாரோட அளவும் என் மண்டையில இருக்கு. உங்களுக்கே சொல்றேன் பாருங்க, உள்கால் இருபத்தெட்டு. டேப்பு வெக்காமயே! வேணும்னா வெச்சுப் பாத்துடலாம். வலது கால்... இருபத்தெட்டு. எப்படி! இடது கால்... முப்பத்திரண்டு.

முப்பத்திரண்டா?

நேரா நில்லுங்க. ...நேரா தான் நிக்கறீங்க. உள்ள நடந்து வந்தப்பவும் நேரா தான வந்தீங்க? நாலு இன்ச்சு எங்கேருந்து முளைச்சுது? அடச்சே, டேப்பு பொரண்டுடுச்சு! இந்தப் பக்கம் இந்த முனையிலேர்ந்து ஒண்ணு ரெண்டு, பின்பக்கம் அந்த முனையிலேர்ந்து ஒண்ணு ரெண்டு. பின்பக்கத்தப் படிச்சுட்டேன். டேப்பு மொத்தம் அறுபது இன்ச்சு, அதுல இருபத்தெட்டு போனா முப்பத்திரண்டு. தொழிலுக்கு வந்து மொத வாரம் பண்ற தப்பு இது! எண்ணு எந்த முனையிலேர்ந்து ஆரம்பிக்குதுன்னு பாக்காம...

பாக்காம...

இருங்க. இல்ல, நீங்க அப்படியே நில்லுங்க, அசையாதீங்க. அந்தப் போர்ட மட்டும் திருப்பறேன்.

இதோ, விழுந்தா போர்டு ஓடிடாம கால்ல கட்டற கயித்துக்கான வளையம். அப்போ இது வால் பக்கம். கண்ணாடிய எங்க வெச்சேன்... டாக்டர், உங்க கண்ணு நல்ல கண்ணு, இங்க வால் கிட்ட என்ன நம்பர்? இருபதா? நல்லாப் பாருங்க. இருபது. மூக்குப் பக்கம்? ...ஒண்ணு.

ஐயய்யோ.

பழசுல ஒண்ணு வால்லேர்ந்து ஆரம்பிக்கும் டாக்டர்! நம்பர் ஏற ஏற முன்னாடி. இவன் மூக்குலேர்ந்து ஆரம்பிச்சிருக்கான்! முன்னாடி முன்னாடின்னு நெனச்சு, ஆறு வாரமா நான் ஃபாயில பின்னாடி தள்ளிக்கிட்டே போயிருக்கேன்! சிரிங்க, சிரிங்க, அடக்காதீங்க, எனக்கே சிரிப்பு வருது. தோள்ல ஆட்ட வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடினவன் கூட இப்படித் தேடியிருக்க மாட்டான்.

...ஒண்ணு சொல்லட்டுமா? உங்கள விட்டா யார்கிட்ட சொல்றது. அவ மொத நாளே கேட்டா. "நம்பர் எந்தப் பக்கத்துலேர்ந்து ஓடுதுன்னு பாத்தீங்களா?"ன்னு. இந்த எடத்துல நின்னு தான் கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ வெட்டற வேலையப் பாரு, அளவு என் வேலை." வாடிக்கைக்காரங்க ரெண்டு பேர் இருந்தாங்க, அவங்க முன்னாடியே சொன்னேன். அதுக்கப்புறம் தான் அவ எதையும் கேக்கறத விட்டா. காத்து நிக்காதுங்கறதெல்லாம் நானா சொல்லிக்கிட்டது.

மணி என்ன? மூணரை. வெளிய அந்த பேனரப் பாருங்க, எப்படி ஆடுது! நல்ல காத்து. அவ இப்போ அங்க தான் இருப்பா. ஏழுல வெச்சா போதும், நட்டு, போல்ட்டு, முறுக்கற சாவி எல்லாம் இந்தப் பையிலயே இருக்கு. கரையிலயே மாட்டிக்கறேன். போய் "நீ சொன்னது தான் சரி"ன்னு சொல்லணும். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவை கூட சொன்னதில்ல, வருதான்னு பாப்போம். "நீ சொன்னது..." பாத்தீங்களா, இங்கயே நூல் சிக்கிக்கிச்சு! காத்துல பாதி தான் கேக்கும், அந்தத் தைரியத்துல... இல்ல, இல்ல. பக்கத்துல போயி, முழுசா காதுல விழற மாதிரி சொல்றேன்.

பேண்ட்டா? ஆறு மணிக்குள்ள தெச்சுடலாம் டாக்டர், எங்க ஓடிப் போகப் போகுது. ஊசி இருக்கு, உக்காந்துடாதீங்க! என் மச்சினன் வந்தா ஃபாயில் தண்ணிக்குப் போயிடுச்சுன்னு சொல்லுங்க. வேற யாராவது அளவு குடுக்க வந்தா இருக்கச் சொல்லுங்க. இன்னிலேர்ந்து அளவு எங்க வீட்டம்மா தான் எடுப்பாங்கன்னு சொல்லுங்க!