காற்றில் ஆடாத ஸ்டாண்டு

நீங்க ஏழைங்களைப் படம் எடுக்கிறதே இல்ல. ஏழைங்க மேல கேமராவை நிறுத்தி உங்களைத்தான் படம் எடுக்கிறீங்க.

விருது மேடைல, விருது வாங்க வந்தவங்களைப் பாத்தே இப்படிப் பேசக் கூடாதுதான்... தெரியும். கோபத்தைக் கொஞ்சம் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு சின்னக் கதை கேளுங்க.

தூத்துக்குடில ரீகன்னு ஒரு பையன். ஊர் ஊராப் போய் வீடியோ போடுறவன். செல்போனை நிறுத்த ஒரு ஸ்டாண்டு வாங்கணும். கடைக்கார அண்ணாச்சி ரெண்டை எடுத்து வைக்கிறாரு. ஒண்ணு நல்ல கனம். இன்னொண்ணு... குடை மாதிரி மடங்கி அக்குள்ல அடங்குது.

"வெளியில எடுக்கவா தம்பி, வீட்டுக்குள்ளயா?"

"வெளியில அண்ணாச்சி. நடந்துக்கிட்டே இருக்கணும். தோள் வலிக்கப்பிடாது."

"அப்பம் இந்த லேசை எடு. ஆனா காத்துக்கு நிக்காது, கேட்டியா? நடுவுல கொக்கி இருக்குல்லா... அதுல ஏதாவது பாரத்தைத் தொங்க விடணும்."

"பாரத்துக்கு நான் எங்க போவேன்?"

"போற எடத்துல கெடைக்கும்டே!"

கெடைச்சுது.

உப்பளத்துல உப்பு வாருற சந்தனமாரியக்கா இவனுக்குப் போன் பண்ணி வரச் சொல்லியிருந்தாங்க. அங்க பொம்பளைங்க ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. கக்கூஸ் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. அதனால காலையில இருந்து தண்ணியே குடிக்காம வேலை பாக்கிறாங்க. வெயில்... எப்படிப்பட்ட வெயில்? கீழ உப்பு, மேல சூரியன், ரெண்டும் சேர்ந்து கண்ணைக் குத்துற வெயில். வயித்துல கல்லு, நீர்க்கடுப்பு, ஆசுபத்திரி. இதை ஊருக்கே கேக்கிற மாதிரி ஒரு தடவை சொல்லிரணும். அதுக்காக அந்தக்கா சோத்து நேரத்துல சாப்பிடாம, முகத்தைக் கழுவி, என்ன பேசணும்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டு வரப்புல நிக்கிறாங்க.

இவன் வந்தான். ஸ்டாண்டை விரிச்சான். காத்து ஒரு தள்ளு தள்ளுச்சு, சாஞ்சிருச்சு. கொக்கி ஞாபகம் வருது. முதுகுல பை இருக்கு, கனமாத்தான் இருக்கு. அதைக் கழட்டித் தொங்க விடலாம்ல? விடமாட்டான். பை இல்லாம நின்னா ஊர் சுத்துற ஆளு மாதிரித் தெரியாதாம்!

"அக்கா, முதல்ல நான் ரெண்டு வார்த்தை பேசிர்றேன். அதுவரைக்கும் இந்த ஸ்டாண்டுக் காலைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."

"நான் பேசறது எப்பம்யா?"

"அடுத்து நீங்கதான்க்கா."

உட்கார்ந்தாங்க. கொதிக்கிற வரப்புல குத்தவச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாங்க. கேமரா எங்க பாக்குது? மேல, அவனைப் பாக்குது. கீழ இருக்கிற ஆள் அதுல விழமாட்டாங்க.

"வணக்கம் நண்பர்களே! இந்த மக்களோட உழைப்பைப் பாருங்க. காலையில இருந்து ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க. அப்படி ஒரு உழைப்பு!"

கீழ இருந்து அந்தக்கா சொல்றாங்க... "எய்யா, அது உழைப்பு இல்லய்யா. ஒதுங்க எடமில்லாமல்லா..."

"ஸ்ஸ்... அக்கா, பேசாதீங்க. ஆடியோ கெடுது."

மறுபடி முதல்ல இருந்து பேசினான். முடி கலைஞ்சுதுன்னு இன்னொரு தடவை. கண்ணாடி போட்டு ஒரு தடவை, போடாம ஒரு தடவை. கணக்கப்பிள்ளை விசில் அடிச்சுட்டாரு. சோத்து நேரம் முடிஞ்சுது.

"அடுத்த வாட்டி உங்களை எடுத்துருவோம்க்கா."

ஸ்டாண்டை மடக்கினான். அக்குள்ல அடங்கிச்சு. போயிட்டான்.

வீடியோ நல்லா ஓடிச்சு. கீழ கருத்து என்ன தெரியுமா? "ப்ரோ, அந்தக் காத்துலயும் ஒரு ஆட்டம் இல்ல. என்ன ஸ்டாண்டு ப்ரோ?" உடனே அடுத்த வீடியோ போட்டான். வெளியூர் போய்ப் படம் எடுக்க லேசான ஸ்டாண்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? "உப்பளத்துக் காத்துலயே அசையல நண்பர்களே, நம்பி வாங்கலாம்!"

அந்தக்கா தன் மகளோட போன்ல அதைப் பாத்திருக்காங்க. "கம்பிக்குப் பேரு வந்துட்டு. நமக்கு மறைவு கட்ட நாலு தகரம் வரல"ன்னு என்கிட்டச் சொல்லிட்டுச் சிரிச்சாங்க. கக்கூஸ் இன்னைக்கு வரைக்கும் கிடையாது.

இதை எதுக்குச் சொல்றேன்? லேசான பொருள்னு உலகத்துல ஒண்ணு கிடையாதுங்க. உங்க தோள் லேசா இருக்குன்னா உங்க பாரம் இன்னொருத்தர் கையில இருக்கு. அந்தக் கையைப் பாத்தீங்களா? அது யார் கைன்னு கேட்டீங்களா? இன்னைக்கு நீங்க வாங்கிட்டுப் போற விருதுல என்ன எழுதியிருக்கு... 'குரலற்றவர்களின் குரல்'. குரல் இருந்துச்சுய்யா! ஆடியோ கெடுதுன்னு அமத்தினீங்க.

நேரம் முடிஞ்சுதுன்னு எனக்குச் சீட்டு வந்திருச்சு. சரி... முடிச்சுக்கிறேன். சந்தனமாரியக்கா இங்க வந்திருக்காங்க. கடைசி வரிசைக்குப் பின்னால, கதவோரம் நிக்கிறாங்க. மீதியை அவங்க பேசட்டும்.

முன்வரிசைல மைக் வச்சிருக்கிற தம்பி, அதைக் கொண்டுபோய் அவங்ககிட்டக் குடுங்க.

தம்பி... உங்களைத்தான். குடுக்கலாமான்னு அங்க யாரைத் திரும்பிப் பாக்கிறீங்க?

மைக்கை அவங்க கையில குடுங்க.