நீலத் தாள் பன்

—அப்ப நீலத் தாள் பன்னுல என்னதான் போட்ட, அண்ணா?

—மைதா, உப்பு, ஈஸ்ட், கொஞ்சம் எண்ணெய். நிறத்துக்குக் கருக்கின சர்க்கரை. நீ எழுதிக் குடுத்தது அப்படியே. முதல்ல அந்த ஸ்டூல்ல உக்காரு. நர்ஸம்மா நின்னுகிட்டே பேசினா ஊசி போட வந்த மாதிரி இருக்கு.

—சிவப்புத் தாள்?

—அதுல முளைகட்டிக் காயவச்சு அரைச்ச பயறு மாவு. பதினெட்டு தடவை சுட்டுப் பாத்துப் பிடிச்ச பக்குவம், தெரியும்ல? முத நாலும் செங்கல்லு. அதையும் உன் அண்ணி தின்னுட்டு, தேவாமிர்தம்னா.

—கேளு. அந்தத் தையல் கம்பெனியில நாப்பது பொம்பளைங்க. எல்லாரும் ரத்தம் சுண்டிப்போனவங்க. பாதிப் பேருக்கு நீலம், பாதிப் பேருக்குச் சிவப்பு. அஞ்சு மாசம், மத்தியானம் ஆளுக்கு ரெண்டு பன். சிவப்புல ரத்தம் ஏறியிருக்கு.

—பாத்தியா!

—நீலத்துலயும் ஏறியிருக்கு. அதே அளவு.

—நல்லதுதானே? ரெண்டு பக்கமும் நல்லாருக்கட்டும்.

—நல்லதா? வெறும் மைதா பன்னுலயே ரத்தம் ஊறும்னா பயறு எதுக்குன்னு மேனேஜர் கேப்பாரு. நாளைக்குக் காலையில அறிக்கை குடுக்கணும். வித்தியாசமே இல்லன்னு எழுதினா, பயறு பன் நாளையோட நின்னுடும். மீதி இருக்கிற முந்நூறு பேருக்கும் பட்டை நாமம்தான்.

—ஒருத்திக்கொருத்தி மாத்தித் தின்னிருப்பாளுங்க.

—விசாரிச்சாச்சு. சிவப்பு ஒரு ஹால், நீலம் வேற ஹால். டீ இரும்புச்சத்தைத் தடுக்கும்னு அதை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொன்னோமே, அதனாலயான்னும் யோசிச்சேன். அதுக்கு இவ்வளவு ஏறாது.

—அப்ப சட்டி! சர்க்கரையை இரும்புச் சட்டியிலல்ல கருக்கினேன்? அதுலேருந்து இரும்பு இறங்கியிருக்கும்.

—அடடே. இருக்கலாம். எந்தச் சட்டி, காட்டு.

—அது... இதோ, இதான்.

—இதுல என் மூஞ்சி தெரியுது, அண்ணா. எவர்சில்வர்.

—வேற எங்கயோ வச்சுட்டேன் போல.

—சரி. நீலத் தாளுக்குப் போற மாவுல பயறு கலக்கலன்னு சொல்லு.

—கலக்கல.

—அடுப்பு சாட்சின்னு சொல்லு.

—இப்ப எதுக்கு அடுப்பை இழுக்குற?

—பேக்கரி வச்ச நாள்லேருந்து, தண்ணி குடிச்சாக்கூட "அடுப்பு சாட்சி"ம்ப. நான் வந்து அரை மணி நேரமாச்சு. ஒரு தடவை சொல்லல நீ.

—கலந்தேன். முத நாள்லேருந்து. ரெண்டு தொட்டியிலயும் ஒரே மாவு.

—முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். மூட்டை மூட்டையாப் பயறைப் பன்னுல மறைச்சவன் நீ ஒருத்தன்தான்!

—உன் அண்ணியும் அந்த நாப்பதுல ஒருத்திதானே? எந்த நிறம்னு கேட்டா அவளும் சொல்லல, உன்னை மூணு தடவை கேட்டேன். சொன்னியா?

—சொல்லக் கூடாது. அதுதான் ஒழுங்கு.

—ஒழுங்கு உனக்கு. மாடி ஏறி அவ மூச்சு வாங்குறதைக் கேக்குறது நான். மாத்திரை போட்டா வாந்தி. ரத்த அளவு ஏழரையில நிக்குது, பத்தைத் தொட்டாத்தான் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குத் தேதி குடுப்பேன்னு டாக்டர் சொன்னப்ப, நீயும்தானே பக்கத்துல நின்ன? அவ கைக்கு எந்தப் பன் போகும்னு தெரியாம, ஒரு தொட்டிக்கு மட்டும் பயறு போட எனக்கு எப்படிக் கை வரும்?

—என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே.

—சொன்னா அவ பேரை அடிச்சுடுவ.

—அடிச்சிருப்பேன்தான்.

—அப்புறம்? எழுதிக்க, பேக்கரிக்காரன்தான் கெடுத்தான்னு. கையெழுத்துப் போடறேன், அடுப்பு சாட்சி. இப்பவாவது சொல்லு. நாப்பது பேருக்கும் ஏறியிருக்குன்னியே, அவ பத்தைத் தொட்டாளா?

—நாப்பது பேருன்னு நான் சொல்லல. முப்பத்தொன்பது.

—யாரு அந்த ஒருத்தி?

—நீ முதல்ல உக்காரு.

—வாயத் திறடி.

—அண்ணிதான். நீலத் தாள். அதே ஏழரை, அசையவே இல்ல.

—தப்பாப் பாத்திருப்ப.

—ரெண்டு தடவை பாத்தேன். உண்மையில நான் ஓடி வந்ததே அதுக்குத்தான்.

—ஊருக்கெல்லாம் ஊறின ரத்தம் அவளுக்கு மட்டும் ஏன் ஊறல? உள்ள எங்கயாவது கசியுதா? வேற ஏதாவது பெரிய...

—அதை என் வாயால சொல்ல வைக்காதே. பன் வாங்கிக்கிட்டதுக்குத் தினமும் கையெழுத்து இருக்கு, ஒரு நாள் விடாம. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்.

—அப்பா! நானூறு மீட்டர்ல நான்தான் முதல்! ஐ, அத்தை! எப்ப வந்தீங்க?

—வாடி குருவி. மைதானத்துலேருந்து ஓடியேவா வந்த?

—ஆமா. ஏன் ரெண்டு பேரும் வேகாத ரொட்டி மாதிரி உக்காந்திருக்கீங்க?

—மூச்சுகூட வாங்கல. அண்ணா, போன வருஷம் இவ புஸ்தகத்து மேலயே தலைவச்சுத் தூங்குவா, ஞாபகம் இருக்கா? இப்படி வெளிச்சத்துக்கு வாடி. கண்ணுக்குக் கீழ இழுத்துக் காட்டு.

—சோதனை ஆரம்பிச்சாச்சா?

—செக்கச் செவேல்னு இருக்கு. வீட்ல புதுசா என்ன குடுக்குறீங்க இவளுக்கு?

—ஒண்ணும் இல்லியே. எப்பவும் திங்குறதுதான்.

—அப்பாவுக்கு எதுவுமே தெரியாது, அத்தை. நான் தினமும் ரெண்டு பன் சாப்பிடுறேன்ல? ஓட்டப் பயிற்சிக்கு முன்னாடி, கம்பெனி வாசல்ல அம்மா குடுத்துடுவாங்க.

—எந்தப் பன்னு?

—நீலத் தாள் சுத்தினது. பதினெட்டு தடவை அப்பா சுட்டதைத் தின்னதுலேருந்து பயறு மாவு வாசனை பட்டாலே அம்மாவுக்குக் குமட்டுதாம், "உங்கப்பாகிட்ட சொல்லிடாதே, தேவாமிர்தம்னு சொல்லி வச்சிருக்கேன்"னாங்க.