ரெண்டு கம்பெனிக்கு நடுவுல ஒரு கோழிக்கடை

பில்லா? இன்னிக்கு பில்லெல்லாம் கிடையாது, தம்பி. அரைக் கோழி தின்னுட்டு பில்லு கேட்டு வாங்கி, மடிச்சு பர்சுக்குள்ள வெக்கிற ஒரே ஆளு இந்த ஊர்லயே நீங்கதான். இன்னிக்கு என் கணக்கு. எந்திரிக்காதீங்க, உக்காருங்க. எங்க வீட்டுக்காரரா? முடிவெட்டப் போயிருக்காரு. ஆமா, போன வாரம்தான் வெட்டுனாரு. மறுபடியும் போயிருக்காரு. சாயமும் அடிச்சுக்கிட்டு வர்றேன்னாரு. பேரன் எடுக்கற வயசுல மாப்பிள்ளைக் களை வந்திருச்சு மனுஷனுக்கு. எல்லாம் உங்களாலதான்.

முழிக்காதீங்க. முள்ளங்கி ஊறுகாய் எடுத்துக்கோங்க. இந்தத் தடவை கொஞ்சம் புளிப்பு தூக்கலா இருக்கும்.

அவரு வர்றதுக்குள்ள பேசணும்னுதான் உங்கள உக்கார வெச்சிருக்கேன். நாளைக்கு என்ன நாளுன்னு உங்களுக்குத் தெரியும். எங்க வீட்டு மனுஷன் கையைக் கட்டிப்போட்ட கயிறு நாளையோட அவுருது. நாளையில இருந்து மா சங்தே எந்த பேட்டரி கம்பெனிக்கு வேணா வேலைக்குப் போகலாம். அதுக்குத்தான் இந்த முடிவெட்டு, சாயம் எல்லாம். நீங்க நாளைக்கு வந்து, வாங்க மா மேனேஜர், எங்க கம்பெனிக்கு வாங்கன்னு கூப்பிடப்போறீங்கன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு.

பொறுங்க, பொறுங்க. நீங்க எதுவும் சொல்லலைன்னு எனக்குத் தெரியும். நானே சொல்றேன், நீங்க கோழியப் பாருங்க, ஆறிடும்.

முதல்ல, நீங்க உக்காந்திருக்கீங்களே, இந்த நடு மேசை, இதுல இந்த ஊர்க்காரன் எவனும் உக்கார மாட்டான். ஜன்னல் பக்கம் மேட்டுக் கம்பெனி. சுவத்துப் பக்கம் ஆத்தோரக் கம்பெனி. நடுவுல இது எல்லைக்கோடு. இந்தப் பக்கத்து சோஜு சாராய பாட்டில் அந்தப் பக்கம் போகாது, அந்தப் பக்கத்து உப்பு இந்தப் பக்கம் வராது. அங்க ஒட்டியிருக்கேன் பாருங்க, கம்பெனி பேரைச் சொன்னா ரெட்டை விலைன்னு. சும்மா ஒட்டல. ஒரு தடவை பேரைச் சொல்லி ஆரம்பிச்சு, என் மேசை ரெண்டு உடைஞ்சு, கடைசில ரெண்டு பக்கமும் ஒருத்தன் தோள்ல ஒருத்தன் சாஞ்சு அழுதுக்கிட்டே வாந்தி எடுத்தானுங்க. கழுவுனது நான்.

அதனால எங்க கடைல மேல இருக்கறது மேட்டுக் கம்பெனி, பாலத்தாண்ட இருக்கறது ஆத்தோரக் கம்பெனி, அவ்ளோதான். கார் பேட்டரி, பஸ் பேட்டரி, குடோன்ல சுமை தூக்குற வண்டி இருக்குல்ல, அதுக்கு பேட்டரி. ரெண்டு பேருக்கும் ஒரே யாவாரம், ஒரே ஆத்துத் தண்ணி, ஒரே கோழி. ஆனா பங்காளிச் சண்டை தோத்துப்போகும். இவன் ஆள அவன் இழுப்பான், அவன் ஆள இவன் இழுப்பான். மேட்டுக் கம்பெனிக்கு ஜெர்மன் கார்க்காரன் ஆர்டர் குடுத்துட்டான்னு வெச்சுக்கோங்க, அன்னிக்கு முப்பது டப்பா கோழி மேல போகும். சேதி கீழ தெரிஞ்சதும் மறுநாள் ஆத்தோரக் கம்பெனி நாப்பது டப்பா கேட்கும். என்ன ஆர்டர் கிடைச்சதுன்னு கேட்டா, ஒண்ணுமில்ல, சும்மா சாப்பிடறோம்பாங்க. எனக்கென்ன, வீம்புக்குத் தின்னாலும் கோழி கோழிதானே.

அப்புறம் கோர்ட்டு. நீ என் ரகசியத்தத் திருடிட்ட, நீ என் ஆளத் திருடிட்டன்னு சியோல் வரைக்கும் போயி, வக்கீலுங்களுக்குத்தான் தொந்தி போட்டுச்சு. இவனுங்க கட்டிப் பொரண்டுக்கிட்டு இருந்த நேரத்துல சீனாக்காரன் என்ன பண்ணான்? நீங்க நிக்கல் போட்டு ஒசத்தியா பண்றீங்களா, பண்ணுங்க, நான் இரும்பு போட்டு பாதி விலைக்குத் தர்றேன்னு பந்தி எலையையே உருவிட்டுப் போயிட்டான். இப்ப முப்பது டப்பாவும் இல்ல, நாப்பது டப்பாவும் இல்ல. ஒரு கோழிய வாங்கி நாலு பேரு எலும்பச் சப்பிக்கிட்டு உக்காந்திருக்கானுங்க.

அந்த நேரத்துலதான் மேட்டுக் கம்பெனில இருந்து இவர வெளிய அனுப்புனாங்க. அனுப்புறதுக்கு ஒரு பேரு வெச்சிருக்காங்க பாருங்க, கௌரவ ஓய்வாம். கழுத்தப் புடிச்சுத் தள்ளிட்டு கௌரவம்! பத்தாததுக்கு, போட்டிக் கம்பெனி எதுலயும் சேர மாட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க, அந்தக் கெடுதான் நாளைக்கு முடியுது. பொண்டாட்டி வேண்டாம்னு அத்துவிட்டவன், அவ வேற எவனையும் கட்டிக்கக் கூடாதுன்னு எழுதி வாங்குன கதை. வைக்கப்போர் நாய் தானும் திங்காது, மாட்டையும் திங்க விடாது.

சரி, இவருக்குத் தெரிஞ்ச வேலை என்ன? பேட்டரிக்குள்ள மெல்லிசா ஒரு தகடு இருக்கும், அதுல கரைசல சீராப் பூசி காய வெக்கணும். அது ஒண்ணுதான். அத வெச்சுக்கிட்டு வெளிய வந்தவன் என்ன பண்ணுவான்? நம்ம கொரியாவுல இஞ்சினியரு கடைசில எங்க போய்ச் சேருவான்னு உங்களுக்குத் தெரியாததா? வாத்தியார் வேலைல இருந்து வெளிய வந்தாலும் கோழிக்கடை, விஞ்ஞானியா இருந்து வந்தாலும் கோழிக்கடை. நாங்களும் வெச்சோம். பேரு நான் குலதெய்வம் மாதிரி ஏதாவது நல்ல பேரா வெக்கலாம்னேன். கேட்டாரா? பேட்டரி முனை ரெண்டையும் நெனச்சு ப்ளஸ் மைனஸ் கோழின்னு வெச்சாரு. ஒரு நாள் நாலு பசங்க உள்ள வந்து கண்ணாடி எங்கன்னு கேட்டாங்க. கண்ணுக்குப் பவர் பாக்கற கடைன்னு நெனச்சுட்டானுங்க.

சிரிங்க, சிரிங்க. இன்னும் கேளுங்க. மாவு ரூமுக்குள்ள போகணும்னா நான் செருப்பு மாத்தணும், தலைக்கு வலை போடணும். ஈரப்பதம் பாக்க சுவத்துல மீட்டரு. மாவுல ஈரம் ஏறினா பூச்சு உரிஞ்சிடுமாம். ஏங்க, இது கோழி, ராக்கெட் இல்லன்னேன். ரெண்டு நாள் பேசல.

ஆனா அதெல்லாம் நீங்க வர ஆரம்பிச்ச அப்புறம், தம்பி. அதுக்கு முன்னாடி நீங்க அவரப் பாக்கல. கடை தொறந்த புதுசுல ஒரு வார்த்தை பேச மாட்டாரு. காலைல கம்பெனி கோட்டு போட்டுக்கிட்டு மலையேறப் போயிடுவாரு, சாயங்காலம் வந்து கோழியப் பொரிப்பாரு, சோஜுவக் குடிச்சிட்டு சுவத்தப் பாத்துப் படுப்பாரு. பழைய ஆளுங்க சாப்பிட வந்தா மேசைக்கு வர மாட்டாரு, சமையக்கட்டுலயே ஒளிஞ்சுக்குவாரு. ஒரு நாள் ரொம்ப நேரம் ஆளக் காணோம். தேடிப் போனா, பாலத்துல கம்பியப் புடிச்சுக்கிட்டு தண்ணியப் பாத்துட்டு நிக்கறாரு. கிட்டப் போயி, ஏங்க, எண்ணெய் காஞ்சுக்கிட்டு இருக்கு, இங்க என்ன வேடிக்கைன்னேன். திரும்பிப் பாத்தாரு. கூடவே வந்துட்டாரு. வழியெல்லாம் நான் எண்ணெய் விலையப் பத்தியே பேசிக்கிட்டு வந்தேன். பயம் தம்பி. பேச்ச நிறுத்துனா அழுதுருவேன்னு பயம்.

அந்த மாசம்தான் நீங்க வந்தீங்க. இஸ்திரி போட்ட சட்டை, வெளியூர் மூஞ்சி. யாரும் உக்காராத நடு மேசைல போய் உக்காந்தீங்க. அரைக் கோழி சொல்லிட்டு, டீவியப் பாக்காம சமையக்கட்டையே பாத்தீங்க. அன்னிக்கு ராத்திரி இவரு என்கிட்ட மெதுவா சொல்றாரு, அந்த ஆளு ஆத்தோரக் கம்பெனி ஆளு, என்னை எடை போட வந்திருக்கான், கட்டு முடியற வரைக்கும் காத்திருந்து கூப்பிடப்போறான்னு. மறுநாள் ஷேவ் பண்ணிட்டு வந்து நிக்கறாரு! ஏப்ரனுக்கு உள்ள வெள்ளைச் சட்டை. மீட்டரு வாங்குனது, தலைக்கு வலை, எல்லாம் அப்புறம்தான். தன் வேலை சுத்தத்த உங்களுக்குக் காட்டறாராம். நீங்க தின்ன கோழி ஒவ்வொண்ணும் பரீட்சை பேப்பரு.

ஞாபகம் இருக்கா, ஒரு நாள் நீங்க கேட்டீங்களே, பூச்சு எப்படி மூலை முடுக்கெல்லாம் இவ்ளோ சீரா வருது, முன்னாடி இதே மாதிரி வேலை பாத்தீங்களான்னு? அவரு உங்ககிட்ட உருளைக்கிழங்கு மாவப் பத்தியே அளந்து விட்டாரு. பாவம், கொட்டாவிய அடக்கிக்கிட்டு கேட்டீங்க. அப்புறம் வந்து என்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? அந்தத் தம்பி நூல் விட்டுப் பாக்கறான், நான் வாயத் தொறக்கல. சோறு போட்ட எடத்த விட்டுத் தள்ளிட்டாங்கங்கறதுக்காக அவங்க ரகசியத்த விப்பேனா? அப்படி வித்தா புதுசா சேத்துக்கறவன் மட்டும் என்னை மதிப்பானான்னாரு. எனக்கு அப்ப கோபம்தான் வந்துச்சு. துப்புக்கெட்ட மனுஷா, கொஞ்சம் வித்திருந்தா ஃப்ரிட்ஜு மாத்தியிருக்கலாமேன்னேன். ஆனா படுத்தப்புறம் நெனச்சுப் பாத்தேன், நான் கட்டுனது மோசமான ஆள இல்ல.

இத எழுதுங்க தம்பி. மேல எழுதி அனுப்பறீங்கல்ல, அதுல இத எழுதுங்க. போட்டிக் கம்பெனிக்காரன்னு நம்புன ஆளுகிட்டயே மா சங்தே ஒரு வார்த்தை சொல்லலன்னு.

கோழிய வெச்சிட்டீங்களே. சாப்பிடுங்க.

இல்ல, இப்ப கண்டுபிடிக்கல. ரெண்டாவது வாரமே தெரியும். உங்க ஃபோன்ல இருந்து ஒரு ஸ்டிக்கரு, பச்சைல வட்டமா, எலும்புக் கிண்ணத்துல ஒட்டிக்கிட்டு வந்துச்சு. கேட்ல உள்ள போறப்ப கேமராவ மறைச்சு ஒட்டுவாங்களே, அது. ஆத்தோரக் கம்பெனில மஞ்சள். பச்சை மேட்டுக் கம்பெனி. எத்தனை வருஷம் அவரு சட்டைப் பைல இருந்து பிச்சுப் பிச்சுப் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? நீங்க சேர்க்க வந்த ஆளு இல்ல. அத்துவிட்டவன் வேவு பாக்க அனுப்புன ஆளு. பில்லும் அதான் கேக்கறீங்க, வேவுக்குச் செலவு அவன் தலைல. அவரு பாக்கறதுக்குள்ள அந்த ஸ்டிக்கர எடுத்து அடுப்புல போட்டேன். அன்னைல இருந்து உங்க மேசைய நான்தான் தொடைக்கிறேன், கவனிச்சீங்களா?

கோபமா? வந்துச்சு. உங்க கோழில கண்ணீர் வர்ற அளவுக்கு மிளகாப்பொடி போடலாம்னு கையக்கூட ஓங்கினேன். எட்டிப் பாத்தா, உள்ள அவரு சீட்டியடிச்சுக்கிட்டு மாவு சலிக்கறாரு. கடை தொறந்து அன்னிக்குத்தான் முதல் சீட்டி. பொடிய மூடி வெச்சுட்டேன்.

ஆத்தோரக் கம்பெனியா? போனேனே. போன மாசம் ரெண்டு டப்பா கோழியத் தூக்கிக்கிட்டு நானே போனேன், அந்தப் பூச்சு வேலைக்குத் தலைவர்னு சொன்னவரப் பாக்க. நல்ல மனுஷன், உக்கார வெச்சாரு. பாதி மிஷின நிறுத்திட்டோம்மா, இரும்பு பேட்டரிக்கு மாறப்போறோம், சின்னப் பசங்களையே அனுப்பறோம்னாரு. அப்புறம் கேட்டாரு, மா சங்தேன்னா யாருன்னு. இதே ஊர்ல மேட்டுக் கம்பெனில முப்பது வருஷம் வேலை பாத்த மனுஷன். யாருன்னு கேட்டாரு தம்பி. கோழிய மட்டும் நல்லாருக்குன்னு சொன்னாரு.

அதனால விஷயம் என்னன்னா, உலகத்துலயே மா சங்தே மேல கண்ணு வெச்சிருக்கற ஒரே ஆளு நீங்கதான். நாளைக்குக் கட்டு அவுந்தா உங்களுக்கு இங்க வேலை இல்ல. வேற எவனையாவது பாக்கப் போடுவாங்க. அவன் காபிக்கடை வெச்சிருப்பான், வயிறு புண்ணாகும் உங்களுக்கு. நீங்க வராம போனா இவரு ஒரு நாள் வாசலப் பாப்பாரு, ரெண்டு நாள் பாப்பாரு. அப்புறம் அந்தப் பாலம் அங்கயேதான் இருக்கு.

பொய் சொல்லச் சொல்லல. வேலை தர்றேன்னு எதுவும் சொல்ல வேண்டாம். இத்தனை நாளா என்ன பண்ணீங்களோ அதேதான். வந்து இந்த மேசைல உக்காந்து, சமையக்கட்டப் பாத்துக்கிட்டு, சாப்பிட்டுட்டுப் போங்க. வாரம் ஒரு தடவை போதும். பழகுன வேலைதானே? செலவு மேட்டுக் கம்பெனிது இல்ல, என்னுது. பாதி பொரிச்சது, பாதி மசாலா, பீரும் சேத்து. கொஞ்சம் கொஞ்சமா நானே அவருக்கு எடுத்துச் சொல்லிக்கறேன், அதுவரைக்கும்.

என்ன, யோசிக்கிறீங்களா? யோசிக்க நேரம் இல்ல, கதவு சத்தம் கேக்குது.

அட, வாங்க! என்னங்க இது, தலைல தார் ஊத்துன மாதிரி! நல்லாருக்கு, நல்லாருக்கு, சும்மா சொன்னேன். சட்டையச் சரி பண்ணுங்க. இப்பத்தான் தம்பிகிட்ட உங்களப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன். நாளைக்கும் வர்றாராம். ஏன் தம்பி, வர்றேன்னுதானே சொன்னீங்க?