நிறம் நின்றது

கிணற்று நீரின் நிறத்தைப் பார்க்க வெள்ளைப் பீங்கான் கிண்ணம்தான் ஏற்றது. பித்தளையில் ஒன்றும் தெரியாது. கண்ணாடியில் வெளிச்சம் ஏமாற்றிவிடும். நான் எப்போதும் பீங்கான் கிண்ணத்தைத்தான் எடுத்துப் போனேன். இப்போது அதில் என் பேனாக்கள் இருக்கின்றன.

ஐயா, இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலரா விசாரணைக்காக நீங்கள் வேலூரிலிருந்து எங்கள் ஊருக்கு வந்தீர்கள். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் பதில் சொன்னேன். அந்தப் பதில் உண்மைதான். அது போதாது என்பதால் இதை எழுதுகிறேன்.

என் பெயர் பொன்மலர். சென்னையில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கினேன். எங்கள் பஞ்சாயத்து போர்டு எனக்கு வேலை கொடுத்தது அந்தப் பட்டத்துக்காக அல்ல. முஸ்லிம் தெருக்களில் கிணறுகள் வீட்டின் பின்கட்டில் இருக்கின்றன. பெண்கள் கோஷா. சுகாதார இன்ஸ்பெக்டர் ஆண் என்பதால் வாசலைத் தாண்ட முடியாது. கிணற்றுக்கு மருந்து போட ஒரு பெண் தேவைப்பட்டாள். அவ்வளவுதான்.

தெருவிளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது, செத்த மாட்டை அகற்றுவது, தோல் வண்டிகள் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று தீர்மானிப்பது ஆகியவை போர்டின் பெரிய வேலைகள். என்னுடையது சிறியது. என்னிடம் கிணற்றுப் புத்தகம் என்று ஒன்று இருந்தது. அதில் கிணற்றின் எண், போட்ட மருந்தின் அளவு, போட்ட நேரம் ஆகியவற்றை எழுத வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்து, கிண்ணத்தில் நீர் எடுத்துப் பார்த்து, கடைசிக் கட்டத்தில் ‘நிறம் நின்றது’ அல்லது ‘நிற்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மருந்து என்பது பெர்மாங்கனேட். கருத்த ஊதாப் பொடி. கரைத்து ஊற்றினால் நீர் ரோஜா நிறமாகும். நீரில் அழுக்கு இருந்தால் நிறம் உடனே மறைந்துவிடும். மேலும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் நிறம் நின்றால் கிருமி செத்தது என்று பொருள். மறுநாள் காலைக்குள் அதுவும் வெளுத்துவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும்.

டப்பாவையும் வாளியையும் போர்டு பியூன் காசிநாதன் சுமந்து வருவார். வீட்டு வாசலில் என்னிடம் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்பார். நான் வெளியே வரும்வரை திரும்ப மாட்டார். உள்ளே நான் என்ன செய்தேன் என்பதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

பதினான்காம் எண் கிணறு ஹலீமா பீயின் வீட்டில் இருந்தது. அவர் விதவை. அந்தச் சந்தின் பதினோரு வீடுகளும் அவர் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தன. அவருடைய மருமகள் வஹீதாவுக்குப் பத்தொன்பது வயது. அப்போது ஏழு மாதக் கர்ப்பம். நான் உள்ளே நுழைந்தாலே கூவுவாள்.

“மாமி, குலாபி வந்துட்டா! தண்ணிக்கு மருதாணி வெக்கப் போறா!”

குலாபி என்றால் ரோஜா நிறம். அந்தத் தெரு முழுக்க எனக்கு அதுதான் பெயர். நான் குனிந்து பொடியைக் கரைப்பேன். “பாவம், வெட்கம் ஜாஸ்தி,” என்பார் ஹலீமா பீ. “இத்தனை படிச்சிட்டு வாயத் தொறக்க மாட்டேங்குது பாரு.”

ஒன்றை மட்டும் அவர்களுக்குத் திருத்தமாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். தண்ணீர் குலாபியாக இருந்தால் அப்படியே குடிக்கலாம். மறுநாள் வெளுத்த பிறகும், அடுத்த முறை நான் வரும்வரை, பயமில்லை. நான் வராவிட்டால் காய்ச்சாமல் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. பெண்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். சொன்னதில் தவறில்லை.

மூன்று மாதத்துக்கென்று வந்த மருந்து ஐந்தே வாரத்தில் தீர்ந்தது. காரணம் எனக்குத் தெரியும். அந்தச் சந்துக்கு மேற்கே தோல் பதனிடும் ஷெட். ஊறவைத்த ஆவாரம்பட்டையின் சாறு மண்ணில் இறங்கிக் கிணறுகளுக்கு வந்துகொண்டிருந்தது. பட்டைச் சாறு மருந்தைத் தின்றுவிடும். ஒரு பங்கு போட வேண்டிய இடத்தில் மூன்று பங்கு போட்டால்தான் நிறம் நிற்கும். அந்த ஷெட், போர்டு பிரசிடெண்ட் நிசார் அஹமது சாயபுவுடையது. அவர் நல்ல மனிதர். என்னைப் படித்த பெண் என்று மதித்தவர்.

போர்டுக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஏழு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவருகே நின்றேன்.

“மூணு மாச மருந்து எங்கம்மா போச்சு?” என்றார் சத்தார் பாய். அவர் தோல் வியாபாரி, போர்டு மெம்பர். “பொடவைக்குச் சாயம் கீயம் போட்டுட்டியா?”

எல்லாரும் சிரித்தார்கள். மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா வேதாசலமும் சிரித்தார்.

“சும்மா இருங்க பாய்,” என்றார் பிரசிடெண்ட். என் பக்கம் திரும்பினார். “இன்னா காரணம்னு நீ சொல்லும்மா. வேலூருக்கு எழுதி இன்னும் வாங்கிக்கலாம்.”

சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். உங்கள் ஷெட்டுத் தண்ணீர் கிணற்றுக்குள் வருகிறது. நான் தரையைப் பார்த்தேன்.

“வெட்கப்படுது,” என்றார் அவர். “வேதாசலம், அப்புறமா எழுதி வாங்கிக்கோ.”

அடுத்து சந்தைக்கு நாள் குறிக்கும் விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

வேதாசலம் மறுநாள் ஒரு தாளைக் கொடுத்தார். “ஏன் ஜாஸ்தி செலவாச்சின்னு ரெண்டே வரி எழுதிக் குடும்மா. அது இல்லாம மருந்து கேட்டு இண்டெண்ட் போவாது.”

“தர்றேன் ஐயா,” என்றேன். அந்தத் தாள் என் பையில் இருந்தது. அவர் தினமும் கேட்டார். தினமும் அதையே சொன்னேன். எழுதினால் மறுபடி அந்தக் கதவருகே நிற்க வேண்டியிருக்கும். அந்த முறை யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அது சிரிப்பைவிட மோசம்.

ஆறு நாள் மருந்து இல்லை. ஹலீமா பீயின் முற்றத்தில் தண்ணீர் காய்ச்சும் பெரிய தேக்சா அடுப்பிலேயே இருந்தது. ஷெட்டிலிருந்து வந்த பட்டைச் சக்கையைக் காயவைத்து எரித்தார்கள். அந்தப் புகை கண்ணைக் கரிக்கும்.

“போர்டு இன்னா புடுங்குது?” என்று கேட்டார் ஹலீமா பீ. “பதினோரு ஊட்டுக்கும் காய்ச்சிக் காய்ச்சி என் கண்ணே பூத்துப் போச்சு. நாளைக்காவது மருந்து வருமா பேட்டி?”

பேட்டி என்றால் மகள். “நாளைக்கு வரும்,” என்றேன். இதை ஆறு முறை சொன்னேன். அந்த ஆறு நாளில் ஊரில் மற்ற தெருக்களில் காலரா இருந்தது. அந்தச் சந்தில் ஒருவருக்கும் வரவில்லை. போர்டின் மரணப் பதிவேட்டில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ரயிலேறிக் குடியாத்தம் போனேன். என் மாமா ஜேக்கப் அங்கே லுங்கி நூலுக்குச் சாயம் தோய்க்கிறார். அவருடைய கூடத்தில் சாயப்பொடிகள் வரிசையாக இருக்கும். ரோஜா நிறப் பொடி ஒரு பொட்டலம் எடுத்து வந்தேன். சின்ன வயதில் கோலத்துக்கு எடுப்பேன் என்பதால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சத்தார் பாயின் கேலியிலிருந்து அந்த யோசனை வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அது அவருக்கு நியாயம் அல்ல.

பொடியைக் காலி டப்பாவில் கொட்டிக் காசிநாதனிடம் கொடுத்தேன். தூக்கிப் பார்த்தார்.

“வந்துடுச்சாம்மா? அப்பாடா. தெருவுல தலை காட்ட முடியல. பியூன் மருந்த வித்துட்டான்றாளுங்க.”

நான் புன்னகை செய்தேன்.

அந்தச் சாயம் விஷமில்லை என்பதை யோசித்துத்தான் செய்தேன். மிகக் குறைந்த அளவுதான் போட்டேன். இரண்டு நாளைக்குத்தான் என்று முடிவு செய்திருந்தேன். அதற்குள் அந்த இரண்டு வரியை எழுதிவிடுவேன், மருந்து வந்துவிடும். அதுவரை ஹலீமா பீ ‘நாளைக்காவது வருமா’ என்று என்னைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

அன்று ஹலீமா பீ அடுப்பை அணைத்தார். வஹீதா தேக்சாவை இரண்டு கையாலும் சாய்த்து, காய்ச்சிய தண்ணீரை முற்றத்தில் கொட்டினாள். ஒரு சொம்பு கிணற்று நீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஜில்லுன்னு இருக்கு மாமி,” என்றாள் குடித்துவிட்டு. பிறகு எனக்கும் ஒரு சொம்பு நீட்டினாள். தாகமில்லை என்று கை அசைத்தேன்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கிண்ணத்தில் பார்த்தேன். நிறம் நின்றது என்று எழுதினேன். நின்றிருந்தது.

மூன்றாம் நாள் ஹலீமா பீ கேட்டார். “இன்னா பேட்டி, முன்னெல்லாம் மறுநாளே வெளுத்துடும். இது அப்படியே இருக்கே. இது புது மருந்தா, பவர் ஜாஸ்தியா?”

நான் தலையை அசைத்தேன். ஆம் என்றும் கொள்ளலாம், தெரியாது என்றும் கொள்ளலாம்.

இரண்டு நாள் எட்டு நாளாயிற்று. அந்தச் சந்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். வஹீதா நான்காவது. பேதி தொடங்கியபோது அவளுக்குத் தாகம் அடங்கவில்லை. ஹலீமா பீ அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதே தண்ணீரைக் கரண்டியால் புகட்டிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். கொடுக்காதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏன் என்று கேட்பார். நான் விசிறினேன்.

பெண்கள் அவளைக் குளிப்பாட்டிக் கபன் துணி போர்த்தினார்கள். ஈரம் பட்ட இடமெல்லாம் வெள்ளைத் துணி லேசாகச் சிவந்தது. “மருந்துத் தண்ணி,” என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னாள்.

அந்த வாரம்தான் நீங்கள் வந்தீர்கள். ஹலீமா பீயின் வாசலில் வெள்ளைத் துப்பட்டா காய்ந்துகொண்டிருந்தது. அதை விரலால் தேய்த்துப் பார்த்தீர்கள். பெர்மாங்கனேட் கறை பழுப்பாக இருக்கும், இது பழுப்பில்லை, சாயம் என்றீர்கள். எங்கள் ஊரில் என்னைத் தவிர அது தெரிந்த முதல் ஆள் நீங்கள். அந்தக் கணம் எனக்கு உங்கள்மேல் ஒருவித மரியாதை ஏற்பட்டது.

“நீங்கள் கிணற்றில் போட்டது என்ன?” என்று கேட்டீர்கள்.

“டப்பாவில் இருந்ததைப் போட்டேன்,” என்றேன்.

காசிநாதன் வழக்கம்போல் தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அவருடைய அண்ணனும் குடியாத்தத்தில் சாயம் தோய்ப்பவர் என்று வேதாசலம்தான் எடுத்துச் சொன்னார். பியூன் மருந்தை விற்றுவிட்டான் என்று தெருவில் பேச்சிருந்ததையும் சொன்னார். நீங்கள் அவரைத் திரும்பிப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன்.

கோர்ட்டில் என்னிடம் இரண்டு கேள்விகள். டப்பாவைச் சுமந்தது யார் என்றார்கள். காசிநாதன் என்றேன். கிணற்றில் போட்டதை எதிலிருந்து எடுத்தீர்கள் என்றார்கள். அந்த டப்பாவிலிருந்து என்றேன். மூன்றாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை. நான் காத்திருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு இறங்கிப் போகச் சொன்னார்கள். அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல்.

நான் போர்டு வேலையை விட்டு மிஷன் பள்ளியில் சேர்ந்தேன். ஆறாம் வகுப்புக்குத் தண்ணீரின் குணங்களைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

இன்று பிற்பகல் காசிநாதன் பள்ளிக்கு வந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. பழக்கத்தில் வகுப்பு வாசலிலேயே தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார். நான்தான் போய்க் கூப்பிட்டேன்.

“நல்லா இருக்கீங்களாம்மா? வேலூர் ஜெயில்ல தண்ணி மட்டும் நல்லா இருந்துச்சு,” என்று சிரித்தார். பேரணாம்பட்டில் ஒரு ஷெட்டில் காவல் வேலை இருக்கிறதாம். யாராவது படித்தவர் நல்லவன் என்று எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களாம். நாளைக் காலை வண்டிக்குப் போகிறார்.

“ரெண்டே வரி போதும்மா,” என்றார். “வேதாசலம் ஐயா கோர்ட்டுல இன்னான்னமோ சொன்னாரு. நீங்க ஒருத்தருதான் என்னப் பத்தி ஒரு பொய்யும் சொல்லல. அத நான் மறக்க மாட்டேன்.”

எழுதிக் கொடுத்தேன். காசிநாதனை எனக்கு நன்றாகத் தெரியும், அவர் நேர்மையானவர் என்று எழுதினேன். அவர் படிக்கத் தெரியாதவர். தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் செருகினார். நேர்மையானவர் ஏன் ஜெயிலுக்குப் போனார் என்று பேரணாம்பட்டில் கேட்பார்கள். அதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை. பதில் இந்தத் தாளில் இருக்கிறது.

பதினான்காம் எண் கிணற்றிலும் அந்தச் சந்தைச் சுற்றியுள்ள மற்ற மூன்று கிணறுகளிலும் சாயம் போட்டவள் நான். அது மருந்தல்ல என்று தெரிந்தே போட்டேன். அவர்கள் காய்ச்சாமல் குடிப்பார்கள் என்று தெரிந்தே போட்டேன். ஒருவர் இறந்த பிறகும், மேலும் எட்டுப் பேர் இறக்கும்வரை போட்டேன். காசிநாதனுக்கு ஒன்றும் தெரியாது. வெட்கம் என்று அவர்கள் சொன்னதை நான் அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இருப்பதும் வெட்கம்தான். இதற்கு வேறு சொல் இருந்தால் நன்றாக இருக்கும்.

அவர் வண்டி ஏறுவதற்குள் இதைத் தபாலில் சேர்க்க வேண்டும். நாளைக்குச் சேர்த்துவிடுவேன். இதை நான் எழுதுவது நான்காவது முறை. முந்தைய மூன்றும் மேசைக்குள் இருக்கின்றன. அவற்றிலும் ஒரு வரிகூடப் பொய் இல்லை.