எப்போதும் எரிந்த பச்சை விளக்கு

கிட்ட வாம்மா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள். எழுதுகிறவரும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உட்காரட்டும். கதைபோலத்தான் சொல்வேன், எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது.

என் அக்காவுக்கு நுரையீரல் போய்விட்டது. காதும் கேட்காது. மூச்சுக்கு ஒரு மெஷின். கரண்டை நம்ப முடியாத வீடு என்பதால் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடும். ஓடும் சத்தம் கேட்காதவள் என்ன செய்வாள்? பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கூப்பிடுவாள்.

"ஏய் ரேடியோக்காரி, ஓடுதாடி?"

ரேடியோ ரிப்பேர்தான் எனக்குப் பிழைப்பு. எழுந்துபோய்க் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வருவேன்.

அதற்காகத்தான் அந்த விளக்கைச் செய்தேன். சின்னக் கண்ணாடிக் குழல், உள்ளே மெல்லிசாக இரண்டு தகடு. குழலைச் சுற்றிச் செம்புக் கம்பி. மெஷினுக்குப் போகும் கரண்ட் அந்தக் கம்பியில் பாய்ந்தால் காந்தம் பிறக்கும், தகடுகள் தொட்டுக்கொள்ளும், தனியாக வைத்த டார்ச் செல்லில் பச்சை விளக்கு எரியும். மெஷின் நின்றால் அணையும். இவ்வளவுதான்.

இந்த இவ்வளவுதான் நாற்பது நாள் என் உயிரை வாங்கியது. பத்துச் சுற்றுக்கு மினுக்கியது. "உன் புத்தி மாதிரியே மினுக்குதுடி" என்றாள். பதினைந்துக்குத் தகடுகள் ஒட்டிக்கொண்டு விலக மறுத்தன. அவிழ்த்தேன், சுற்றினேன், அவிழ்த்தேன். நடுவே "ஓடுதாடி?" எண்ணிக்கை தப்பும். மறுபடி முதலிலிருந்து.

தகடு ஒட்டிக்கொண்ட அன்று ஒன்றைக் கவனித்தேன். பேட்டரி மாற்ற மெஷினை நிறுத்தியும் விளக்கு எரிந்தது; அக்கா வாயே திறக்கவில்லை. மறுநாள் விளக்கை நேராகச் செல்லோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டேன். மெஷின் ஓடினாலும் நின்றாலும் எரியும். பதினோரு நாள் வீடு அமைதியாக இருந்தது. "கெட்டிக்காரிடி நீ" என்றுகூடச் சொன்னாள். அறுபது வருஷத்தில் முதல் தடவை.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பொய் விளக்குக்கா அந்தப் பட்டம்? மேசையில் வேறொரு குழலை எடுத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினேன். பழைய கார் பல்பு ஒன்றை மாட்டிச் சோதிக்கப் பேட்டரி வேண்டும். இன்னொன்று சார்ஜுக்குப் போயிருந்தது. வீட்டில் இருந்தது அக்காவுடையது மட்டும்.

மதியம் அதைக் கழற்றி எடுத்துவந்தேன். மறந்துபோய்ச் செய்தாள் என்று எழுத வேண்டாம். மெஷின் இல்லாமல் அரைமணிக்கு மேல் தாங்காது என்று டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. எனக்கு ஒன்றேகால் மணி தேவைப்பட்டது.

நடுவில் கூப்பிட்டாள். "பச்சை எரியுதுடி. எனக்கு ஏன் மூச்சு முட்டுது?"

எட்டிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். விளக்கைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

அன்றைக்குத்தான் சரியாக வந்தது. கரண்ட் ஓடினால் எரிந்தது, நின்றால் அணைந்தது. ஒரு மினுக்கல் இல்லை. கையோடு எடுத்துக்கொண்டு அவளிடம் காட்டத்தான் போனேன்.

வாக்குமூலம் எழுதியாயிற்றா? கொடு, கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. உங்கள் வீடுகளில் எல்லோருக்கும் ஆயுசு கெட்டியாக இருக்கட்டும். வேலை செய்கிறவர்களை யாரும் நடுவில் கூப்பிடாமல் இருக்கட்டும்.