ஆட்சேபனை இருந்தா சொல்லலாம்

ஃபெமினா: வாக்கிங்தானே வந்திருக்கோம்? அப்புறம் முத்து மாலை எதுக்கும்மா?

ஜூடித்: கிறிஸ்துமஸ் லீவு. போட்டா என்ன?

ஃபெமினா: ஸ்னீக்கர்ஸுக்கு முத்து மாலை. அதுவும் ‘முதலை ஜாக்கிரதை’ன்னு போர்டு வச்சிருக்கிற பார்க்குல.

ஜூடித்: குளிர்ல முதலை வெளிய வராது. நீ நட.

ஃபெமினா: அந்தப் பக்கம் நல்ல சிமெண்ட் பாதை இருக்கே...

ஜூடித்: வேணாம். ஆத்தோரமாவே போவோம். காத்து நல்லாருக்கும்.

ஃபெமினா: காத்தா? நம்ம சுகர் லேண்ட் வெயில்லயே ஏசிக்கு ஸ்வெட்டர் தேடுற ஆளு நீ. உனக்கு டிசம்பர்ல பிராசோஸ் ஆத்துக் காத்து கேக்குதா?

ஜூடித்: வாயை மூடிக்கிட்டு வாயேன்டி. கொஞ்சம் சிரிச்ச முகமா...

ஃபெமினா: ஆங்... யாருக்குச் சிரிக்கணும்?

ஜூடித்: பொதுவா சொன்னேன்.

ஃபெமினா: பொதுவா! சரி, கையில அந்த டப்பா?

ஜூடித்: கேக்.

ஃபெமினா: கொடு, பசிக்குது... சீ! என்னம்மா இது? சர்க்கரையே போடல!

ஜூடித்: உடம்புக்கு நல்லதுன்னு...

ஃபெமினா: முந்தாநேத்து நமக்குச் செஞ்சதுல சர்க்கரையை அள்ளிக் கொட்டினே. அப்போ உடம்பு இல்லையா? இது யாருக்கு?

ஜூடித்: போலீஸ்ல சேர்ந்திருக்கலாம் நீ.

ஃபெமினா: அம்மா, நில்லு. எனக்கு எல்லாம் தெரியும்.

ஜூடித்: ...என்ன தெரியும்?

ஃபெமினா: நேத்து நீ பாஸ்டர்கிட்ட ஃபோன்ல பேசினே. ‘லெந்து நோன்பு நாள்ல கல்யாணம் வைக்க முடியாதுல்ல பாஸ்டர், ஈஸ்டர் முடிஞ்சதும் ஓலை வாசிச்சிடலாம், அதுக்குள்ள ஃபெமினாகிட்ட பேசிடுறேன்’னே.

ஜூடித்: ஒட்டுக் கேட்டியா?

ஃபெமினா: ஸ்பீக்கர்ல போட்டுட்டு மாவு பிசைஞ்சது நீ! ஓலைன்னா எனக்குத் தெரியாதா? மூணு ஞாயித்துக்கிழமை சர்ச்ல எல்லார் முன்னாடியும் வாசிப்பாங்களே... இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபனை இருந்தா சொல்லலாம்னு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஓலை வரைக்கும் போயிட்டே!

ஜூடித்: கத்தாதே. எல்லாரும் பாக்கிறாங்க.

ஃபெமினா: பாக்கத்தான் செய்றாங்க. அதோ, மரத்துக்கிட்ட நீலத் தொப்பி, கையில பைனாகுலர். நம்ம ஊரு முகம். பறவை எல்லாம் மேல பறக்குது, அங்கிள் நம்மளைப் பாக்கிறாரு.

ஜூடித்: எங்க?... எனக்குத் தெரியலையே.

ஃபெமினா: திரும்பாமலே தெரியலையா? யாரு அவரு? மாப்பிள்ளையோட அப்பாவா?

ஜூடித்: அவருக்குப் பையனே கிடையாது.

ஃபெமினா: மாட்டினியா! ஆளே தெரியலையாம். பையன் இல்லைன்னு மட்டும் தெரியுமாம்!

ஜூடித்: ...நீ மட்டும் பெரிய யோக்கியமா? உன் கட்டிலுக்கு அடியில எதுக்கு அத்தனை அட்டைப் பெட்டி?

ஃபெமினா: அது... க்ளாசட் க்ளீன் பண்ண.

ஜூடித்: முழங்கால் வரைக்கும் ஒரு மழைக்கோட்டு வாங்கியிருக்கியே? நம்ம ஹூஸ்டன் பக்கம் எவ அதைப் போடுவா?

ஃபெமினா: சேல்ல கிடைச்சது. பேச்சை மாத்தாதே. பையன் இல்லைன்னா... அப்போ இந்த அங்கிளே... அம்மா! போயும் போயும் ஒரு கிழவருக்கா என்னை...

ஜூடித்: சீ! மனுஷனை அப்படிச் சொல்லாதே. அம்பத்தெட்டுதான்.

ஃபெமினா: அம்பத்தெட்டு‘தானா’? எனக்கு முப்பது!

ஜூடித்: ஐயோ, உனக்கு இல்லடி!

ஃபெமினா: பின்ன யாருக்கும்மா?

ஜூடித்: ஓலையில வாசிக்கப்போறது உன் பேரு இல்ல. என் பேரு. திட்டணும்னா திட்டு.

ஃபெமினா: வெள்ளிக்கிழமை ஜூம் ஜெபம்... கதவைச் சாத்திக்கிட்டு...

ஜூடித்: ஜெபம்தான். சத்தியமா ஜெபம்தான். அது முடிஞ்சப்புறம் கொஞ்சம் பேசுவோம்.

ஃபெமினா: ஜெபத்துக்கு எதுக்குக் கண்மைன்னு அப்பவே நினைச்சேன்.

ஜூடித்: தேவநேசன்னு பேரு. ஆலன்ங்கிற ஊர்ச் சபை. சர்க்கரை வியாதி, அதான் அந்தக் கேக். மனைவி கேன்சர்ல போயிட்டாங்க. ஒரே பொண்ணு, கனடாவுல. விடியக்காலையிலேயே கிளம்பி டிரைவ் பண்ணி வந்திருக்காரு. ‘உங்க பொண்ணு முகம் சுளிச்சா கிட்டயே வரமாட்டேன், அப்படியே திரும்பிடுவேன்’னாரு.

ஃபெமினா: அதான் எனக்குச் சிரிச்ச முகமா இருன்னு ஆர்டரா?

ஜூடித்: ...ஆமா.

ஃபெமினா: அப்பா...

ஜூடித்: அப்பாவை மறக்கலடி. அந்த ஃபோட்டோ சுவத்துல இருந்து இறங்காதுன்னு அவர்கிட்ட முதல் நாளே சொல்லிட்டேன். ஆனா நீ ஆஃபீஸ்ல லேட்டாகுற அன்னைக்கு ஒத்தைத் தட்டை எடுத்து வைக்கிறேன் பாரு... பயமா இருக்கு ஃபெமினா. எனக்காகத்தான் நீ வர்ற இடத்தை எல்லாம் தட்டிக் கழிக்கிறேன்னு தெரியறப்ப இன்னும் பயமா இருக்கு.

ஃபெமினா: அழாதே. மை கரையுது. அங்கிள் பைனாகுலர்ல பாத்துடப்போறாரு.

ஜூடித்: விளையாடாதே. வீட்டுல சொல்லலாம்னுதான் பாத்தேன். அப்பா ஃபோட்டோ முன்னாடி வாய் வரல. பாஸ்டர் ஊரைக் கேக்கிறதுக்கு முன்னாடி உன்கிட்டதான் கேக்கணும். அதான் இங்க கூட்டிட்டு வந்தேன். சொல்லு... ஆட்சேபனை இருக்கா?

ஃபெமினா: ...இருக்கு.

ஜூடித்: ...சரி. சரிடி. நீ கார்ல போய் உக்காரு. இந்தக் கேக்கை மட்டும் அவர் கையில கொடுத்துட்டு...

ஃபெமினா: முழுசா கேளும்மா. ஈஸ்டர் வரைக்கும் தள்ளுறீங்கல்ல, அதுக்குத்தான் ஆட்சேபனை. அடுத்த ஞாயிறே ஓலையை வாசிங்க, லெந்துக்கு முன்னாடி கல்யாணத்தை முடிங்க. மார்ச்ல நான் சியாட்டில் போறேன், அந்த மழை ஊருக்குத்தான் மழைக்கோட்டு. அங்க வேலைக்குச் சரின்னு சொல்லிட்டு, உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறதுன்னு புரியாமத்தான் பெட்டியை எல்லாம் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சேன்... இப்போ கையை ஆட்டிக் கூப்பிடு. பாவம், எவ்வளவு நேரம்தான் அந்த மனுஷன் மரத்துல இல்லாத பறவையைப் பாத்துக்கிட்டு நிப்பாரு!