மூணாவது பாரா

தங்கை: அந்த நாற்காலியில உக்காராதீங்க. கால் ஆடுது.

அண்ணன்: 'உக்காராதீங்க'வா?

தங்கை: ஆமா. ஆடுது.

அண்ணன்: பதினோரு வருஷம் கழிச்சு அண்ணனைப் பாக்குற. முதல் பேச்சே நாற்காலி. அதுலயும் 'நீங்க', 'வாங்க'...

தங்கை: வேற எப்படிக் கூப்பிடணும்?

அண்ணன்: 'டேய் அண்ணா'ன்னு கூப்பிடுவ. அப்பா பக்கத்துல இருந்தா மட்டும் 'டேய்' போயிடும்.

தங்கை: அந்த உரிமையெல்லாம் இன்னும் இருக்கான்னு தெரியல.

அண்ணன்: சரி, மரியாதையாவே இருக்கட்டும். சௌக்கியமா, மேடம்?

தங்கை: கிண்டல் வேண்டாம்... வந்ததுக்கு தேங்க்ஸ். வர மாட்டீங்கன்னுதான் நினைச்சேன்.

அண்ணன்: நானும் அப்படித்தான் நினைச்சேன். பஸ்ஸுல டிக்கெட் எடுத்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது, வந்துக்கிட்டிருக்கேன்னு.

வரவேற்புப் பெண்: சார், மேடம்... பழைய கேம் உரிமை விஷயமா வந்தவங்க நீங்கதானே?

தங்கை: ஆமாம்மா.

வரவேற்புப் பெண்: சட்டப் பிரிவு மேனேஜர் மீட்டிங்ல இருக்காரு. கொஞ்ச நேரத்துல கூப்பிடுவாரு. ரெஜிஸ்டர்ல எழுதணும்... நீங்க ரெண்டு பேரும் கணவன் மனைவியா?

அண்ணன்: ஐயையோ!

தங்கை: அண்ணன் தங்கைம்மா. மூக்கைப் பாத்தா தெரியலையா?

வரவேற்புப் பெண்: சாரி மேடம். தள்ளித் தள்ளி உக்காந்து முறைச்சுக்கிட்டிருந்தீங்களா... அதான். எந்தக் கம்பெனின்னு போடட்டும்?

அண்ணன்: இதே கட்டடம்னு போடு.

வரவேற்புப் பெண்: சார்?

தங்கை: அவர் விளையாடுறார். கம்பெனி எதுவும் இல்லன்னு போடும்மா.

அண்ணன்: ...பாத்தியா. ஒரு காலத்துல நம்மளோடதா இருந்த ஹால்லயே உக்காந்துக்கிட்டு நாம யாருன்னு பதில் சொல்ல வேண்டியிருக்கு.

தங்கை: அவ பொறந்தப்போ நம்ம கம்பெனி கொடி கட்டிப் பறந்துக்கிட்டிருந்திருக்கும். அவளுக்கு எப்படித் தெரியும்?

அண்ணன்: அந்தச் சுவரைப் பாத்தியா? இவங்க போர்டுக்குப் பக்கத்துல...

தங்கை: பாத்தேன். பழைய போர்டுகளோட ஸ்க்ரூ ஓட்டையெல்லாம் பூசி மறைச்சிருக்காங்க. மேல இருக்கிற ஒன்பதும் நம்மளோடது.

அண்ணன்: கீழ இருக்கிற ஆறு?

தங்கை: நமக்கு முன்னாடி இருந்தவங்களோடது. அதை நாமதான் பூசினோம்.

அண்ணன்: என்னமா ஆண்டாங்க! வீடியோ கேம்னாலே அவங்க பேரைத்தானே சொல்லுவாங்க. எப்படித்தான் போனாங்களோ...

தங்கை: தெரியாத மாதிரி கேக்குறீங்க. ஆறு வாரத்துக்கு ஒரு கேம்னு அடிச்சுத் தள்ளினாங்க. எல்லாம் குப்பை. கடைக்காரங்க லாரி லாரியா திருப்பி அனுப்பினாங்க.

அண்ணன்: அவங்க விட்டுட்டுப் போன மேஜைகளைத்தான் நாம வாங்கினோம். மேஜை மேல ஏறி நின்னு சிரிச்ச நீ. 'நாம இப்படி ஆக மாட்டோம்'னு.

தங்கை: நான் மட்டுமா சிரிச்சேன்?

அண்ணன்: நானும்தான். ஆனா நான் தரையில நின்னு சிரிச்சேன்.

தங்கை: ரொம்ப அடக்கம்! ...இவங்களும் போகப் போறாங்க. கீழ ரெண்டு பேர் அட்டைப்பெட்டியோட வெளிய போனாங்களே, கவனிச்சீங்களா? இந்த வருஷத்துல மூணாவது தடவையா ஆளைக் குறைக்கிறாங்க. அதான் நம்ம கம்பெனியோட சேத்து வாங்கின பழைய கேம் எல்லாத்தையும் வித்துத் தள்ளுறாங்க.

அண்ணன்: நம்ம 'லிஃப்ட்காரன்' கேமையுமா?

தங்கை: அதைத்தான் முதல்ல. சூதாட்ட ஆப் நடத்துற ஒருத்தன் கேட்டிருக்கான். லிஃப்ட் எந்த மாடியில நிக்கும்னு பந்தயம் கட்டணுமாம். லிஃப்ட்காரன் தொப்பியைக் கழட்டி 'இன்னொரு தடவை ஆடுங்க'ன்னு சொல்லுவானாம்.

அண்ணன்: தூ!

தங்கை: மெதுவா... அந்தப் பொண்ணு பாக்குறா.

அண்ணன்: பாக்கட்டும். எட்டாவது மாடி வீட்டுல, லிஃப்ட் ஓடாத கட்டடத்துல, அம்மா காய்கறிப் பையோட மூச்சு வாங்க ஏறி வர்றதைப் பாத்து நாம செஞ்ச கேம் அது. பதினாலு தடவை வரைஞ்சேன் அந்த ஆளை. அவன் யாரையும் ஏமாத்த மாட்டான். அதான் அந்தக் கேமே.

தங்கை: அதுக்குத்தான் கூப்பிட்டேன். இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் நமக்கு டைம் இருக்கு. வெளிய விக்கிறதுக்கு முன்னாடி செஞ்ச ரெண்டு பேருக்கும் திருப்பித் தரணும்னு பழைய ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு. அடம்பிடிச்சு அதைப் போட வச்சது நீங்க.

அண்ணன்: அப்போ நல்லாத்தான் அடம்பிடிச்சிருக்கேன்.

தங்கை: ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா உரிமை நமக்கு. ஒருத்தர் போடலைன்னாலும் அந்தச் சூதாட்டக்காரனுக்கு.

அண்ணன்: வாங்கி என்ன பண்ணப் போற?

தங்கை: வெளியிடப் போறேன். லிஃப்ட்காரனை வச்சு புது கேம் ஒண்ணு தயாரா இருக்கு.

அண்ணன்: ...தயாரா?

தங்கை: அப்படிப் பாக்காதீங்க. இந்தத் தடவை நிஜமா தயார். நாலு வருஷம். ஆறு பேர். சலவைக் கடை மாடியில ரெண்டு ரூம். கீழ மெஷின் ஓடினா எங்க மேஜையெல்லாம் நடுங்கும். ஆனா கேம் நடுங்காது. முடிச்சுட்டோம். ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கல.

அண்ணன்: பேரை மாத்தி வெளியிட வேண்டியதுதானே?

தங்கை: பண்ணிப் பாத்தேன். தொப்பியை எடுத்தேன், மீசையை எடுத்தேன். வேற யாரோ நின்னான். அவன் நடக்குறது உங்க கை வரைஞ்ச நடை. அதை எடுத்தா கேமே இல்ல. அவன் வேணும். அவ்வளவுதான்.

அண்ணன்: பிடிவாதம் மட்டும் குறையவே இல்ல.

தங்கை: குறைஞ்சிருந்தா இன்னிக்கு ஏதோ ஒரு ஆபீஸ்ல கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். நான் விடுறதா இல்ல. நீங்க என்ன பண்றீங்க இப்போ?

அண்ணன்: ஸ்கூல் புத்தகத்துக்குப் படம் போடுறேன். இலை, பூ, தவளை. போன மாசம் முழுக்க தவளையோட குடல்.

தங்கை: ...தவளை நடக்குதா?

அண்ணன்: குடல் வெளிய கிடக்கும்போது எப்படி நடக்கும், கழுதை! ...அப்பாடா. சிரிச்சுட்ட.

தங்கை: சிரிக்கல.

அண்ணன்: சிரிச்ச. சரி, அந்தப் பேப்பரைக் குடு.

தங்கை: லெட்டரோட அனுப்பியிருந்தேனே. படிச்சீங்கதானே?

அண்ணன்: படிச்சேன். மூணாவது பாராவை மட்டும் இன்னொரு தடவை படிக்கணும்.

தங்கை: இந்தாங்க.

அண்ணன்: 'புதிய வீடியோ கேம் இயந்திரம் தயாராகவில்லை என்பதை நன்கு அறிந்திருந்தும், தயார் என மேடையில் நான் அறிவித்தேன். நிறுவனத்தின் வீழ்ச்சிக்கு என்னுடைய இந்தச் செயலே காரணம்.' அடேங்கப்பா. எவ்வளவு சுத்தமா எழுதியிருக்கான் வக்கீல்!

தங்கை: பழைய கடைக்காரங்க இன்னும் நஷ்ட ஈடு கேட்டு இவங்களைக் கோர்ட்டுக்கு இழுக்குறாங்களாம். குத்தம் யார் மேலன்னு எழுத்துல வாங்கிட்டா இவங்க கழண்டுக்கலாம். இது இல்லாம உரிமையைத் தர முடியாதுன்னு நிக்கிறாங்க.

அண்ணன்: என்னை உள்ள வைப்பாங்களா?

தங்கை: இல்ல. விசாரிச்சுட்டேன். உங்க மேல கேஸ் போடுற காலமெல்லாம் தாண்டிப் போச்சு. ஆனா பேப்பர் கோர்ட்டுக்குப் போகும். எல்லாரும் படிப்பாங்க.

அண்ணன்: இப்ப மட்டும் என்ன... என் பொண்ணு போன வாரம் என் பேரைப் போட்டுத் தேடியிருக்கா. முதல்ல வந்ததே அந்த வீடியோதான். நான் மேடையில மெஷினைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டுறேன். 'ஆறு மாசத்துல உங்க வீட்டுக்கு வருது!' கூட்டம் விசிலடிக்குது.

தங்கை: பாத்தாளா?

அண்ணன்: பாத்தா. கீழ எழுதியிருக்கிறதையும் படிச்சா. 'இவன் ஒருத்தன் வாயால ஒரு கம்பெனியே போச்சு.' 'அப்பா, நீ தெரிஞ்சே பொய் சொன்னியா'ன்னு கேட்டா.

தங்கை: என்ன சொன்னீங்க?

அண்ணன்: ஹோம்வொர்க் முடிச்சியான்னு கேட்டேன். நான் மேடையில அறிவிச்ச வாரமே பழைய மெஷின் வியாபாரம் படுத்துடுச்சு, இல்ல? புதுசு வருதுன்னு சொல்லிட்டா எவன் பழசை வாங்குவான்? நாலு குடோன் நிறைய நின்னுச்சு. அப்போ எனக்குப் புரியவே இல்ல. அறிவிச்சா ஜனங்க காத்திருப்பாங்கன்னு தெரிஞ்சுது. காத்திருக்கிறவங்க கடைக்கு வர மாட்டாங்கன்னு தோணல.

தங்கை: ஆறு மாசம்னு சொன்னது ஒன்றரை வருஷம் ஆச்சு.

அண்ணன்: அப்பவும் வரல.

தங்கை: வரல. முந்நூத்தி நாப்பது பேருக்கு வேலை போச்சு. நீங்கதான் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தருக்கும் கை குடுத்து அனுப்புனீங்க. ஒருத்தன் உங்க சட்டையைப் பிடிச்சான். நான் மாடி ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டு நின்னேன்.

அண்ணன்: சட்டை போனா போகுது. பேனா இருக்கா?

தங்கை: இருங்க.

அண்ணன்: என்ன?

வரவேற்புப் பெண்: மேடம், மீட்டிங் முடிஞ்சுது. ஃபைலை எடுத்துட்டு ஒரு அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேன்னாரு. பேப்பர்ல கையெழுத்து முடிஞ்சிருந்தா நல்லதுன்னு சொன்னாரு.

தங்கை: சரிம்மா.

அண்ணன்: குடு. லிஃப்ட்காரன் சூதாடி ஆகக் கூடாது. ஒரு கையெழுத்துதானே.

தங்கை: போடாத.

அண்ணன்: ஆங்?

தங்கை: போடாதடா. நான் சொல்றதைக் கேளு. அந்த மூணாவது பாரா பொய்.

அண்ணன்: வாலு...

தங்கை: குறுக்க பேசாத. நிறுத்திட்டா மறுபடியும் என்னால ஆரம்பிக்க முடியாது. மெஷின் தயாரா இல்ல. நாப்பது நிமிஷம் ஓடினா உள்ள சிப்பு கருகிடும். மூணு மெஷின் செஞ்சோம், மூணும் புகைஞ்சுது. விழாவுக்கு முந்தின நாள் நீ போன் பண்ணி 'தயாரா'ன்னு கேட்ட. நான் 'தயார்'னு சொன்னேன்.

அண்ணன்: ம்.

தங்கை: அடுத்த வாரம் எதிராளி கம்பெனி அவங்க மெஷினைக் காட்டப் போறாங்கன்னு சேதி வந்திருந்துச்சு. மெஷின் செய்யிற பொறுப்பு என்னோடது. முடியலன்னு உன்கிட்ட சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. ராப்பகலா உக்காந்தா ஆறு மாசத்துல சரி பண்ணிடலாம்னு என்னை நானே நம்ப வச்சுக்கிட்டேன். நீ தூக்கிக் காட்டின பெட்டியில மெஷினே இல்லடா. திரையில ஓடினது மேடைக்குக் கீழ ஒளிச்சு வச்சிருந்த கம்ப்யூட்டர்ல இருந்து. ஊரே உன்னைத் திட்டுச்சு. பேப்பர்ல எழுதினாங்க. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். 'என் அண்ணனுக்குத் தெரியாது, நான்தான் ஏமாத்தினேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொல்லல. அப்புறம் உனக்குப் போன் பண்ண எனக்கு ஏது மூஞ்சி?

அண்ணன்: லெட்டர் போடுறதுக்கு மட்டும் மூஞ்சி வந்துச்சாக்கும்.

தங்கை: லிஃப்ட்காரன் போயிடுவான்னு வந்த தைரியம். அனுப்பின நாள்ல இருந்து தூக்கமில்ல. செய்யாத தப்புக்கு உன்கிட்டயே கையெழுத்து வாங்கப் பாத்திருக்கேன்... நான் என்ன ஜென்மம்! அதைக் குடு. மூணாவது பாராவை அடிச்சுட்டு என் பேரைப் போட்டு எழுதப் போறேன்.

அண்ணன்: நீ மேடை ஏறவே இல்லையே. ஒத்துக்குவாங்களா?

தங்கை: ஒத்துக்க வைப்பேன். அஞ்சு மணி வரைக்கும் அந்த ரூமை விட்டு நகர மாட்டேன். குத்தவாளி யாரா இருந்தா அவங்களுக்கு என்ன? அவங்களுக்கு வேண்டியது ஒரு பேர். முடியாதுன்னா கேமை விட்டுடுறேன். ஆறு பேர்கிட்டயும் நானே போய்ச் சொல்றேன். ஆனா உன் பொண்ணு அந்தப் பாராவைப் படிக்கக் கூடாது.

அண்ணன்: விட்டுடுவியா? நீயா? நாலு வருஷ உழைப்பையா?

தங்கை: விட்டுடுவேன். ...அழுகையா வருது. ஆனா விட்டுடுவேன்.

வரவேற்புப் பெண்: சார், மேடம், உள்ள வரச் சொல்றாரு.

தங்கை: ஒரே நிமிஷம்மா. டேய்... அண்ணா, ஏதாவது சொல்லு. திட்டவாவது செய்.

அண்ணன்: மேடைக்குப் பின்னாடி என்னைப் பத்து நிமிஷம் தனியா நிக்க வச்சிருந்தாங்க. பெட்டியைத் தொட்டேன், ஜில்லுன்னு இருந்துச்சு. மூடியைத் திறந்து பாத்தேன். கனத்துக்கு ஒரு இரும்புத் துண்டு, அது ஆடாம இருக்க உன் பழைய துப்பட்டாவைச் சுத்தி வச்சிருந்த. தெரிஞ்சேதான்டி மேடை ஏறினேன். ஆறு மாசத்துல எப்படியும் செஞ்சு முடிச்சுடுவன்னு உன்னை நம்பினேன். நீ கேட்டிருந்தா அந்தப் பொய்யை நானே சொல்லியிருப்பேன். 'முடியலடா அண்ணா'ன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லத் தோணலையே உனக்கு... அந்தக் கோவத்துலதான் பதினோரு வருஷம் பேசல. என் பொண்ணுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். மூணாவது பாராவுல ஒரு எழுத்து கூட பொய் இல்ல. பேனாவைக் குடு.